மிஷின் போகிற அகலம்

போன மாதம் திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், உள்ளாட்சித் தேர்தலில் நிற்க ஆசைப்படும் இளைஞர்களுக்குக் கட்சி ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. "வாத்தியாரே, நீங்க வந்து ஒரு மணி நேரம் பேசணும்" என்று கூப்பிட்டார்கள். இரண்டு முறை ஒன்றியச் சேர்மனாக இருந்தவன் என்பதற்காகக் கூப்பிட்டார்களா, சும்மா வீட்டில் கிடக்கிறான், கூப்பிட்டால் வந்துவிடுவான் என்று கூப்பிட்டார்களா, தெரியாது. போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து போன் நோண்டிக்கொண்டிருந்த ஒருவனை எழுப்பி நிறுத்தினேன். அந்தப் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

கடைசியில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "ஐயா, உங்க பதவிக் காலத்துல எதை நெனச்சா பெருமையா இருக்கு? எதை நெனச்சா வருத்தமா இருக்கு?"

பெருமைக்குப் பதில் தயாராக இருந்தது. தாழைமங்கலம் பாலம் என்றேன். கைதட்டினார்கள். வருத்தத்துக்கு ஏதோ பொதுவாகச் சொல்லி மழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். உண்மையில் இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதை மைக்கில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் அரசியல்வாதியாகப் பிறந்தவனில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்தேன், இரண்டு மூன்று ஊர்களில் வேலை பார்த்தேன், கல்யாணம் ஆயிற்று, தாழைமங்கலம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தேன். அதுவரை நடந்ததை எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். தாழைமங்கலத்தில்தான் என் கதை ஆரம்பிக்கிறது.

ஊர் ஆற்றின் இரண்டு பக்கமும் இருக்கிறது. வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வருகிற சின்ன ஆறுதான். ஆனால் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் இறங்க முடியாது. இந்தப் பக்கம் கோயில், கடைத்தெரு, பஸ், பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் அக்கரைத்தெரு. விவசாயக் கூலிக் குடும்பங்கள், கொஞ்சம் சொந்த நிலம் வாங்கியவர்கள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அக்கரைத்தெருப் பிள்ளைகள். நடுவில் ஒரு மூங்கில் பாலம். பெரியவர்கள் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் கயிறு எட்டாமல் உட்கார்ந்து நகர்ந்து வருவார்கள். காலில் சேறு, டவுசரில் சேறு, பையில் சேறு.

எனக்குக் கீழே உதவி ஆசிரியையாக வந்து சேர்ந்தவர் ஜரீனா டீச்சர். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். கணவர் குவைத்தில். திருத்துறைப்பூண்டி வந்து பஸ் மாறி எங்கள் ஊருக்கு வருவார். முதல் நாளே என்னிடம் சண்டை. நான் வருகைப் பதிவு எடுக்கும்போது அக்கரைத்தெருப் பிள்ளைகள் தாமதமாக வந்தால் வெளியே நிறுத்தி வைப்பேன். "பாலத்துல வர்ற பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பெல்லா சார்?" என்று கேட்டார். "ஸ்கூலுக்கு ஒரே பெல்தான் டீச்சர்" என்றேன். மறுநாள் அவரே காலையில் ஆற்றங்கரைக்குப் போய் நின்று, ஒவ்வொரு பிள்ளையாகக் கைபிடித்து இறக்கிக் கூட்டி வந்தார். பெல் அடித்தபோது எல்லாப் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். அன்றைக்கு வெளியே நிறுத்த எனக்கு ஆளில்லை. நாங்கள் சிநேகிதமானது அப்படித்தான்.

ஐப்பசி கார்த்திகையில் ஆறு ஏறிவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள். அப்போது டீச்சர் அந்தப் பக்கம் போய்விடுவார். அக்கரைத்தெரு மாரியம்மன் கோயில் கொட்டகையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். திரும்பி வரும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு மூங்கிலில் வருவார்.

பாலம் கேட்டு நாங்கள் ஏறாத படியில்லை. மனு கொடுப்போம். "பாக்கறோம் சார்" என்பார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிற பக்கத்திலேயே இருந்தால் ஆயுசு முடிந்துவிடும், கொடுக்கிற பக்கம் போய் உட்கார்ந்தால்தான் நடக்கும் என்று ஒரு நாள் தோன்றியது. வேலையை ராஜினாமா செய்தேன். என் மனைவி, "பென்ஷன் போச்சே" என்றாள். ஜரீனா டீச்சர், "போயிட்டு பாலத்தோட வாங்க சார்" என்றார்.

ஒன்றிய வார்டில் நின்று ஜெயித்தேன். உறுப்பினர்கள் கூடி சேர்மன் ஆக்கினார்கள். நானாக ஆகவில்லை, ஆக்கினவர் எங்கள் மாவட்டம்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கட்சியில் மாவட்டச் செயலாளரை யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். "மாவட்டம் வந்துட்டாரு", "மாவட்டம் சாப்பிட்டாரா" என்றுதான் பேச்சு. எங்கள் மாவட்டம் அரிசி ஆலைக்காரர். நெல் காய்கிற களத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வேர்க்கடலையை உரித்தபடி மனு வாங்குவார். எழுதிக் கொண்டுபோன காகிதத்தைப் பிரிக்கவே மாட்டார். மூன்று கேள்விதான். "எந்தத் தெரு? யாருக்கு லாபம்? யாரு எதுக்கிறா?" மூன்றாவது கேள்விக்கு "யாருமில்லை" என்று சொன்னால் நம்ப மாட்டார். "அப்ப அதுல ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். போயி நல்லா விசாரிச்சிட்டு வா" என்று அனுப்பிவிடுவார். யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. "பண்ணிடுவோம்" என்பார். தோளில் கை வைத்துச் சொன்னால் நடக்கும். கடலைத்தோலை ஊதிக்கொண்டே சொன்னால் நடக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. நான் அவருக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தது ஒன்றே ஒன்று. ஒன்றியக் கூட்டத்தில் பெண் உறுப்பினர்களுக்குப் பதில் அவர்கள் வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்து தொடை தட்டிப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கமாக இருந்தது. உறுப்பினர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பார், வீட்டுக்காரர் உள்ளே தீர்மானத்தை ஆதரிப்பார். முதல் கூட்டத்திலேயே நான் எழுந்து, "பேர் கூப்பிடறேன். பேருக்குச் சொந்தக்காரங்க மட்டும் உள்ள இருங்க" என்று வருகைப் பதிவு எடுத்தேன். நாலு ஆண்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். விஷயம் மாவட்டத்திடம் போனது. "என்னய்யா வாத்தியாரே, ஒன்றியத்தை ஒண்ணாங்கிளாஸ் ஆக்கிட்டியாமே" என்று சிரித்தார். ஆனால் தடுக்கவில்லை.

அப்படி உள்ளே வந்து உட்கார்ந்தவர்தான் அக்கரைத்தெரு உறுப்பினர் செல்வி. நடவுக்கும் களைக்கும் போகிற பெண். ஒரு வருஷம் வாயே திறக்கவில்லை. கூட்டம் முழுக்க முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருப்பார். கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும் நிதானமாக, அழகாகப் போடுவார்.

இப்போது அந்தப் பாலத்துக்கு வருகிறேன்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஒன்றியத்தின் சொந்த நிதியில் ஓர் இரும்பு நடைபாலம். ஆள் நடக்கலாம், சைக்கிள் தள்ளலாம். மேட்டூர் அடைத்து ஆறு காய்ந்ததும் ஆரம்பித்தால் அடுத்த தண்ணீர் வருவதற்குள் முடித்துவிடலாம். இன்னொன்று, அரசின் கிராமச் சாலைத் திட்டத்தில் சேர்த்து ஒரு கான்கிரீட் பாலம். கனரக வண்டி போகும். ஆனால் மேலே போய் அனுமதி வாங்கி வர வேண்டும். எப்போது வரும் என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. நடைபாலம் கட்டிவிட்டால் "ஏற்கெனவே பாலம் இருக்கு" என்று பெரிய பாலத்துக்கு மனுவே எடுக்க மாட்டார்கள். ஆகவே ஒன்று கட்டினால் மற்றது கிடையாது.

மாவட்டத்திடம் போனேன். மூன்று கேள்வியும் கேட்டார். பிறகு கடலை உரிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "வாத்தியாரே, கேக்கறதுதான் கேக்கற, மிஷின் போற அகலத்துக்குக் கேளு."

இதை எங்கள் பக்கத்து ஆள் அல்லாதவர்களுக்கு விளக்க வேண்டும். டெல்டாவில் இன்று ஒரு வழியை அளப்பது அறுவடை மிஷினை வைத்துத்தான். செயின் மிஷினை ஏற்றிய லாரி போனால் அது வழி. போகாவிட்டால் அது வரப்பு. மதகு, கப்பி ரோடு, களத்து வாசல் எதுவானாலும் முதல் கேள்வி அதுதான். அக்கரைத்தெருவுக்கு மிஷின் போகாது. அவர்கள் நெல் மற்ற எல்லாருக்கும் பிறகு, ஆள் வைத்து அறுத்து, மூட்டை மூட்டையாகத் தலையில் சுமந்து மூங்கில் பாலத்தில் வரும். அதற்குள் கொள்முதல் நிலையத்தில் சாக்கு தீர்ந்திருக்கும், மழையும் வந்திருக்கும். முளைத்த நெல்லைப் பார்த்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருப்பார்கள். நான் அதையும் பார்த்தவன்.

கூட்டத்தில் அந்தப் பொருள் வந்தது. எங்கள் ஒன்றியத்தில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை வரும் என்று தெரிந்த பொருளை எழுத்தர் வாசித்ததும், "டீக்குப் பிறகு" என்று சேர்மன் சொல்லிவிட வேண்டும். வடையும் டீயும் வரும். நடைவழியில் நாலு பேர் நாலு மூலையில் நின்று பேசி முடிப்பார்கள். திரும்பி உள்ளே வரும்போது முடிவு வாயைத் துடைத்துக்கொண்டு கூடவே வரும். ஒன்றிய அதிகாரியான பி.டி.ஓ. அதை ஏகமனதாக என்று பதிந்துகொள்வார். நானும் "டீக்குப் பிறகு" என்றேன்.

நடைவழிக்கு வந்தால் பெஞ்சில் ஜரீனா டீச்சர். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பள்ளி ஆசிரியைக்குக் கூட்டத்துக்குள் வந்து பேச உரிமையில்லை. அது அவருக்கும் தெரியும்.

"சார், நடைபாலம்தானே?"

"பெரிய பாலமா கேக்கலாம்னு பேச்சிருக்கு டீச்சர்."

"எப்ப வரும் அது?"

"வரும்."

"நீங்க இந்தப் பதில எத்தனை வருஷம் கேட்டிருக்கீங்க? இப்ப நீங்களே சொல்றீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கையில் இருந்த வடையை வைத்துவிட்டேன்.

"டீச்சர், ஒரு லோடு நெல்லு எப்படி வரும் நடைபாலத்துல? யோசிங்க."

"நான் நெல்லுக்கு டீச்சர் இல்ல சார். எனக்கு ஒரு பிள்ளை கையை வீசிட்டு நடந்து வர்ற அகலம் போதும். இந்த மழைக்கு முன்னாடி வேணும். அவ்வளவுதான்."

இவர் கேட்பதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் உள்ளே போனேன். சத்தியமாக அப்படித்தான் போனேன்.

உள்ளே பொருளை மறுபடி வாசித்தார்கள். "உறுப்பினர் யாராவது பேசறீங்களா?" என்று கேட்டேன். செல்வி எழுந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசத் தெரியாமல் எழுந்துவிட்டாரோ என்று நானே நினைத்தேன்.

"ஐயா, போன மழையில எங்க நாத்தனாருக்கு வலி எடுத்துச்சு. ஆம்புலன்ஸ் இந்தக் கரையில வந்து நின்னுச்சு. கயித்துக் கட்டில்ல வெச்சு நாலு பேரு மூங்கில்ல தூக்கிட்டு வந்தோம். பாதியில கட்டிலு சாஞ்சிருச்சு. ஆளத் தூக்கிட்டோம். புள்ள தங்கல. எங்களுக்கு நடக்கிற பாலம் வேணாங்க. நடக்கத்தான் நடந்துட்டிருக்கோமே. வண்டி வரணும். எங்க தெருவுக்குள்ள வண்டி வரணும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து மறுபடி முந்தானையைச் சுருட்ட ஆரம்பித்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மேஜையைத் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பெரிய பாலம் கேட்டுத் தீர்மானம் நிறைவேறியது. அன்றைக்கு மட்டும் ஏகமனதாக என்று எழுதியது பொய்யில்லை.

வெளியே வந்தேன். பெஞ்சு காலியாக இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது, அவர் கேட்டிருப்பார்.

பாலம் வர இரண்டு மழைக்காலம் போனது. அந்த இரண்டிலும் டீச்சர் மாரியம்மன் கோயில் கொட்டகைக்கு மூங்கிலில் போய் வந்தார். ஒரு முறை வழுக்கிக் கை முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் பாடம் நடத்தினார். பார்க்கப் போனேன். "பெரிய பாலம் வரட்டும் சார், எனக்கென்ன, ஒரு கை போதும்" என்று கேலி செய்தார். அனுமதிக்காக நான் சென்னைக்கு அலைந்தேன். மாவட்டம் தோளில் கை வைத்திருந்தார்; ஆகவே வந்தது. ஆறு காய்ந்திருக்கும் கோடையில் மட்டும்தான் தூண் வேலை நடக்கும். தண்ணீர் திறந்தால் நிறுத்த வேண்டும். அடுத்த கோடைவரை பாதித் தூண் ஆற்றில் நிற்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் அந்தப் பக்கம் போகாமலே இருந்திருக்கிறேன்.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். மாலை, வேட்டு, கல்வெட்டு. கல்வெட்டில் என் பேர் இருக்கிறது. அந்த வருஷம் அக்கரைத்தெருவில் மிஷின் இறங்கியது. அவர்கள் நெல் முதல் முறையாக மழைக்கு முன் கொள்முதல் நிலையம் போனது. செல்வி வீட்டுக்காரர், நான் கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பினேனே, அதே ஆள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான வருஷம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த ஜூன் மாதம் பாலத்தின் மேல் ஒரு மஞ்சள் வேனைப் பார்த்தேன். பக்கத்து ஊரில் புதிதாக வந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன். அட, நம்ம அக்கரைத்தெருவுக்கே ஸ்கூல் வேன் வருதே என்று பெருமைப்பட்டேன். காரை நிறுத்தி டிரைவரிடம், "பாத்து மெதுவா போப்பா, பிள்ளைங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வேறு போனேன். முட்டாள்.

முதல் வருஷம் வேனில் போனது இரண்டு மூன்று பிள்ளைகள்தான். நிலம் வாங்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பிறகு வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகள், திருப்பூரில் வேலை பார்ப்பவர்களின் வீடுகள். பிறகு நூறு நாள் வேலைக்குப் போகிற வீடுகள்கூட. ஒரு வீட்டுப் பிள்ளை டை கட்டிக்கொண்டு வேனில் ஏறினால், பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடக்கும்? யார் வீட்டிலும் அந்த அழுகையைத் தாங்க மாட்டார்கள்.

என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். சேர்மன் கையில் என்ன இருக்கிறது? சுற்றுச்சுவர் கட்டினேன். கழிப்பறை, டைல்ஸ், பெரிய டி.வி., சுவர் முழுக்க மிருகங்களின் படம். பள்ளிக்கூடம் அழகாக ஆக ஆகப் பிள்ளைகள் குறைந்தார்கள். டீச்சர் அப்போது தலைமையாசிரியர். ஒவ்வொரு ஜூனிலும் போன் பண்ணுவார். "சார், இந்த வருஷமும் ஒண்ணாம் வகுப்புக்கு ஆள் தேறல." அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி ஒரு நாளும் இருந்ததில்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம்.

மூன்றாவது தடவை கட்சி எனக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. மாவட்டம் காலமாகிவிட்டார். புது மாவட்டம் என்னிடம், "பண்ணிடுவோம் வாத்தியாரே" என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாடம் புரிந்த மாணவன் நான், எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் டீச்சர் போன் பண்ணினார். பள்ளியில் மிச்சம் இருந்த சில பிள்ளைகளும் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு. "சார், எனக்கு ஒரே ஆசைதான். சாவிய இன்னொரு டீச்சர் கையில குடுத்துட்டுப் போகணும். ஆபீஸ்ல கொண்டுபோயி ஒப்படைச்சிட்டுப் போகக் கூடாது. ஒரே ஒரு பிள்ளை சேந்தாலும் போதும், ஸ்கூல் தொறந்திருக்கும். என்கூட வர்றீங்களா? நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

நான் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போனேன்.

பள்ளி திறக்கிற நாளன்று காலையில் பாலத்தில் நடந்தே அக்கரைத்தெருவுக்குப் போனோம். வீடு வீடாக ஏறினோம். என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் இப்போது அப்பா அம்மா. நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், "சார் ரொம்ப எளச்சிட்டீங்களே" என்று விசாரித்தார்கள். விஷயத்துக்கு வந்தால் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அடுத்த வருஷம் பாக்கறோம் டீச்சர்" என்றார்கள். என் பேத்தி தஞ்சாவூரில் எந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படிக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. மரியாதை. அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. கேட்டிருந்தால் செருப்பால் அடித்த மாதிரி இருந்திருக்கும். கேட்காததும் அப்படித்தான் இருந்தது.

கடைசியாகச் செல்வி வீடு. ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு. அவர் பேத்தி யாழினிக்கு ஒண்ணாம் வகுப்பு வயது. டீச்சருக்கு இருந்த நம்பிக்கையெல்லாம் அந்தப் பிள்ளை மேல்தான். பிள்ளை வாசலில் புது யூனிபார்மில், தலையில் இரட்டைச் சடை, கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றது. பார்த்ததும் எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. டீச்சர் மட்டும் விடவில்லை.

"செல்வி, உன்கிட்ட மறைச்சுப் பேச என்ன இருக்கு. இவ ஒருத்தி வந்தாப் போதும். ஸ்கூலு நிக்கும். ஒரு வருஷம் குடு. நானே பாத்துக்கறேன். எம்புள்ளயாட்டம் பாத்துக்கறேன்."

செல்வி உட்காரவேயில்லை. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், மழையில எங்க கொட்டாயில வந்து ஒக்காந்து எம்மவனுக்குப் படிச்சுக் குடுத்தீங்க. மறப்பேனா நான்? அவன் இன்னிக்குத் திருப்பூர்ல சூப்பர்வைசரா இருக்கான்னா நீங்க போட்ட சோறுதான். அவந்தான் ஒரே பிடியா நிக்கிறான், எம்பொண்ணு வேன்லதான் போகணும்னு. நான் என்ன பண்ணட்டும்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா, நான் ஒங்க கூட்டத்துல ஒரே ஒரு தடவ வாய தொறந்தேன். வண்டி வரணும்னு கேட்டேன். நீங்க கொண்டாந்தீங்க. இந்தப் புள்ளயே அந்தப் பாலத்து மேல ஆம்புலன்ஸ்ல பொறந்த புள்ளதான். ஆஸ்பத்திரி போற வரைக்கும்கூடத் தாங்கல. இன்னிக்கு நீங்களே வந்து வண்டியில ஏறாதேன்னு சொன்னா எப்படிங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டார். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். கன்னத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. அது என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன். டீச்சரும் எழுந்தார். பிள்ளையின் சடையில் ஒரு ரிப்பன் அவிழ்ந்திருந்தது. அதைக் கட்டிவிட்டு வந்தார்.

திரும்பப் பாலத்தில் நடந்தோம். ஆற்றில் அப்போதுதான் புதுத் தண்ணீர் வந்திருந்தது. செத்தையும் நுரையுமாகக் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவு நாள் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். "டீச்சர், அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி நடைபாலமாக் கட்டியிருந்தா நம்ம ஸ்கூல் இருந்திருக்கும் இல்ல?"

"இருந்திருக்கும் சார்" என்றார். நாலு எட்டு நடந்த பிறகு, "யாழினி இருந்திருக்க மாட்டா" என்றார்.

இப்போது மறுபடி அந்தக் கூட்டத்தில் என்னை உட்கார வைத்தாலும் மிஷின் போகிற அகலத்துக்குத்தான் கட்டுவேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வருத்தத்துக்கு மருந்து இல்லாமல் போனதே அதனால்தான். தப்பு செய்திருந்தால் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

பாதிப் பாலம் வந்திருப்போம். பின்னால் ஹாரன் கேட்டது. அக்கரைத்தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மஞ்சள் வேன் வந்தது. நாங்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒதுங்கி நின்றோம். டீச்சரைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஒரு பிள்ளைக்கும் அவர் பாடம் நடத்தியதில்லை. ஆனால் அண்ணன், அக்கா, அப்பா சொல்லி எல்லாவற்றுக்கும் அவரைத் தெரியும். ஜன்னலுக்கு ஜன்னல் தலையையும் கையையும் வெளியே நீட்டி, "டீச்சர் டாட்டா! டீச்சர் டாட்டா!" என்று கத்தின. யாழினி இடுப்புவரை வெளியே தொங்கினாள். சுவர் ஒரு முழ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பதிலுக்குக் கையைத் தூக்கினேன். டீச்சர் தூக்கவில்லை. பள்ளிக்கூட மைதானமே அதிர்கிற அந்தப் பழைய குரலில் ஓர் அதட்டல் போட்டார்.

"ஏய்! தலைய உள்ள வைங்க!"

ஒரு நொடியில் எல்லாத் தலையும் உள்ளே போனது. எல்லாக் கையும் உள்ளே போனது. வேன் எங்களைத் தாண்டி இறங்கிக் கடைத்தெருப் பக்கம் திரும்பும்வரை ஒரு பிள்ளைகூட மறுபடி வெளியே நீட்டவில்லை.

"பாத்தீங்களா சார், சொன்னாக் கேக்குதுங்க" என்றார் ஜரீனா டீச்சர். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார்.